கடற்பறவை என்று ஒரு பறவை இல்லை

நமது புதுக்கவிதையில் கடற்கரை வந்தால் பின்னாலேயே ஒரு பறவையும் வந்துவிடுகிறது. 'கடற்பறவை' என்பார்கள், சில சமயம் வெறும் 'பறவை'. நிறம் வெள்ளை. எப்போதும் தனி. கவிதையின் கடைசி வரியில் அது அடிவானத்தை நோக்கிப் பறக்கும், மறையும், கவிதை முடியும். அதன் தனிமை பற்றி எனக்குப் புகார் இல்லை. தனிமை கவிஞனின் சொந்த விஷயம். அந்தப் பறவையை எவரும் பார்த்ததில்லை என்பதே என் புகார்.

நம் கரையில் மாலை நேரத்தில் வெள்ளைப் பறவைகள் போகும் திசை பெரும்பாலும் கடல் அல்ல. கொக்குகள் அடையப் போவது உள்நிலத்து மரங்களுக்கு. கடற்காகங்கள் கூட்டமாக மணல்திட்டில் இறங்கி, காற்று வரும் பக்கம் முகத்தை வைத்து, எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. ஆலா தனியாகப் பறப்பதுண்டு. ஆனால் இரை தேடும் ஆலா அலகைக் கவிழ்த்துக் கீழேயுள்ள தண்ணீரைப் பார்த்தபடியே போகும். அடிவானத்தில் அதற்கு வேலை இல்லை. ஆக, கவிதையில் பறந்தது கொக்குமல்ல, கடற்காகமுமல்ல, ஆலாவுமல்ல. அது வேறொரு கவிதையிலிருந்து பறந்து வந்த பறவை.

கவிதை என்ன பறவையியல் பாடமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கவிதையில் இனப்பெயர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாமலேயே ஒன்றை முழுக்கப் பார்த்துவிட முடியும். பெயர் தெரிந்ததாலேயே ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிடவும் முடியும். நான் கேட்பது பார்த்தானா என்பதை மட்டுமே. இந்தக் கேள்விக்கு விடை காணும் பயிற்சி இலக்கிய விமர்சனத்தில் நம்மிடம் வளரவில்லை. கடற்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவர்களிடம் அது வளர்ந்திருக்கிறது. முட்டுக்காட்டுக் கழியிலும் கோடியக்கரை உப்பளங்களிலும் சில குளிர்காலங்கள் நின்றதில் எனக்கு ஏற்பட்ட எண்ணம் இது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

*

முதலில் பழைய உதாரணம் ஒன்று. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு அம்மூவனார் பாடியது. அதன் பத்துப் பகுதிகளில் இரண்டுக்குப் பறவைகளின் பெயர்: வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து. பின்னதன் பத்துப் பாடல்களும் பெரிய கடலின் கரையில் உள்ள சிறிய வெள்ளைக் காக்கை என்றே தொடங்குகின்றன. தொடக்கம் ஒன்றுதான் என்றாலும், பாட்டுக்குப் பாட்டு அந்தப் பறவை வேறு வேறு காரியத்தில் இருக்கிறது. ஒன்றில் புன்னை மரத்தில் தங்குகிறது. ஒன்றில் கழியில் அயிரை தின்கிறது. இன்னொன்றில் திவலைகளின் ஓசையில் தூங்குகிறது.

இது என்ன பறவை? கடற்காகம் என்று உடனே சொல்லத் தோன்றும். வெள்ளை, காக்கைபோன்ற கரகரத்த குரல், பிறர் பிடித்ததைத் தட்டிப் பறிக்கும் சுபாவம், எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் புன்னை இடிக்கிறது. கடற்காகத்தின் விரல்கள் சவ்வால் இணைந்தவை. நீந்துவதற்கும் மணலில் நிற்பதற்கும் ஆன கால் அது. இங்கு குளிர்காலத்தில் வரும் கடற்காகங்கள் தண்ணீரிலும் மணலிலும் படகிலும் கம்பங்களிலும் ஓய்வெடுக்கின்றன. மரக்கிளையில் தங்குவது அவற்றின் வழக்கமல்ல. அப்படியானால் வெண்காக்கை என்பது வேறொன்றா? அல்லது ஒரே பெயரில் இரண்டு மூன்று பறவைகளைக் குறிப்பிட்டார்களா? அல்லது புன்னை என்பது திணை மரபு தந்த மரமா? சங்க இலக்கியப் பறவைகளைப் பற்றி பி. எல். சாமி ஒரு தனி நூலே எழுதினார். விஷயம் அத்தனை உழைப்புக்கு இடம் தருகிறது.

இந்தச் சந்தேகம் அந்தப் பாடல்களின் பலம் என்று நினைக்கிறேன். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அவற்றோடு சண்டை போட முடிகிறது. நீ சொன்ன நிறம் சரி, நீ சொன்ன மரம் சரியில்லை என்று சொல்ல முடிகிறது. மறுக்க இடம் தரும் அளவுக்கு அங்கே விவரம் இருக்கிறது. இன்றைய 'கடற்பறவை'யோடு எவரும் சண்டை போட முடியாது. அது எதையும் தின்பதில்லை, எதிலும் உட்காருவதில்லை. மறுக்க முடியாத அந்தப் பாதுகாப்பில்தான் கவிதை செத்துப்போகிறது.

*

பறவையைச் சுட்டு வீழ்த்தி, கையில் எடுத்துப் புரட்டி, அளந்து, அதன் பிறகு இனம் சொல்வதுதான் ஒரு காலத்தில் முறையாக இருந்தது. அமெரிக்காவில் 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு தூரத்தில் உயிரோடு நிற்கும் பறவையை அடையாளம் காண்பதைச் சாதாரண மனிதனின் கைக்கு எட்ட வைத்தது. அவர் செய்த காரியம் எளிமையானது. ஒத்த பறவைகளை அருகருகே வரைந்தார். எது இதை மற்றதிலிருந்து பிரிக்கிறதோ அந்த இடத்தைச் சிறு கோடு போட்டுக் காட்டினார். இறகு இறகாக முழுப் பறவையையும் வர்ணிக்கும் பழைய வழக்கத்தை விட்டார். இந்தியப் பறவைகளுக்கு சாலிம் அலியின் புத்தகம் 1941இல் வந்தது.

அந்தச் சிறு கோடு நம் விமர்சனத்தில் இல்லை. ஒரு கவிதைத் தொகுதியின் முன்னுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதநேயம் இழையோடுகிறது, மண்வாசனை வீசுகிறது, வாழ்வின் அவலம் வெளிப்படுகிறது. இவற்றை எந்தத் தொகுதியின் முன்னாலும் ஒட்டலாம். இறக்கை உண்டு, அலகு உண்டு, இரண்டு கால் உண்டு என்று கடற்காகத்தை வர்ணிப்பதற்குச் சமம் இது. எல்லாம் உண்மை, எதுவும் பிரிப்பதில்லை. இவரிடம் இருந்து அவரிடம் இல்லாதது எது, அது எந்த வரியில் தெரிகிறது என்று விரலை வைத்துக் காட்டாதவரை விமர்சனம் தொடங்கவே இல்லை.

ஆனால் கையேட்டை நம்புகிறவனுக்கு நம் கரையில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. என் கட்டுரையின் மையமும் அதுதான்.

தமிழகக் கரையில் குளிர்காலத்தில் சாதாரணமாகக் காண்பது பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத், லடாக், மத்திய ஆசியப் பகுதிகளின் உயரமான ஏரிகளில் கூடு கட்டுவது. ஐப்பசி வாக்கில் இங்கு வந்து பங்குனி, சித்திரையில் திரும்புகிறது. அதன் தலை பழுப்பாக இருப்பது இனப்பெருக்க காலத்தில். இங்கு இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் தலை வெள்ளைதான். கண்ணுக்குப் பின்னால் மை தொட்டதுபோல் ஒரு கறை மட்டும். கிளம்பும் தறுவாயில்தான் பழுப்பு ஏறத் தொடங்குகிறது. அதாவது, பெயருக்கு உரிய கோலத்தை அது முழுசாகப் போட்டுக்கொள்ளும்போது நம்மிடம் இருப்பதில்லை. பெயர் சூட்டியவர்கள் பார்த்த பருவம் வேறு, நாம் பார்க்கும் பருவம் வேறு. இதன் நெருங்கிய உறவான கருந்தலைக் கடற்காகத்தின் கதை இன்னும் வேடிக்கை. இனப்பெருக்க காலத்தில்கூட அதன் தலை கறுப்பல்ல. அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம்.

நமது விமர்சனக் கலைச்சொற்களின் நிலைமை இதுவே. இருத்தலியம், சர்ரியலிசம், பிறகு வந்த அமைப்பியல், மாய யதார்த்தம், பின்நவீனத்துவம் யாவும் பிறந்த இடத்தில், அந்த இடத்தின் கோடைப் பருவத்தில் சூட்டப்பட்ட பெயர்கள். பாரிஸில் யுத்தத்துக்குப் பின்னர் முழு வர்ணத்தில் நின்ற ஒன்று இங்கு வந்து சேரும்போது தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறையாக இருக்கிறது. கையேட்டோடு வரும் நம் விமர்சகன் பழுப்புத் தலையைத் தேடுகிறான். காணோம் என்றால் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறான். தமிழில் அது இல்லவே இல்லை என்று அறிவித்துவிடுகிறான். அல்லது, தன் பேனா மையால் அந்தத் தலைக்குப் பழுப்பு அடித்துவிட்டு, இதோ பாருங்கள் என்கிறான். இரண்டாவது ரகம் நம்மிடம் அதிகம்.

கழியோரத்தில் நிற்பவனுக்கு இந்தத் தப்பித்தல்கள் கிடையாது. தலையை விட்டுவிட்டு, பருவத்தோடு மாறாத அடையாளங்களுக்கு அவன் போகிறான். பழுப்புத்தலையின் முதிர்ந்த பறவைக்கு விழி வெளிறியது. அலகு சற்றுத் தடிப்பு. சிறகின் கறுத்த நுனிக்குள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கருந்தலைக்கு விழி கறுப்பு. சிறகின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை ஓடி, நுனியில் மட்டும் மெல்லிய கறுப்பு. இதில் மிகவும் நம்பத்தகுந்த அடையாளம் சிறகில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவையிடம் அது சரியாகத் தெரியாது. பறக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு படைப்பாளியிடமும் பருவத்தின் வர்ணம் எது, எலும்போடு வந்தது எது என்று பிரித்துப் பார்க்க இப்படிக் காத்திருக்கத்தான் வேண்டும். அவன் காலத்துக் கோஷங்கள் தலையின் நிறம். வாக்கியத்தை அவன் எங்கே முறிக்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான், எந்த இடத்தில் குரல் தாழ்கிறது என்பவை சிறகின் நுனி.

இதிலும் ஒரு சிக்கல். முதல் குளிர்காலத்துக் குஞ்சுக்கு நான் சொன்ன வெளிறிய விழியும் இல்லை, வெள்ளைப் புள்ளிகளும் இல்லை. வாலில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். முதிரும்போது அதுவும் போய்விடும். பெரிய கடற்காகங்கள் முழுக்கோலம் அடைய நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை ஆண்டுக்கு ஒரு வேஷம். பழக்கமில்லாத கண்ணுக்கு ஒரே பறவை நான்கு பறவையாகத் தெரியும். முதல் தொகுதியை வைத்துக்கொண்டே ஒரு கவிஞனுக்கு இனம் சொல்லி, ஆயுள் முழுவதும் அந்தச் சீட்டை அவன் கழுத்தில் தொங்கவிடும் நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

*

அடையாளங்களைத் துண்டு துண்டாகப் பார்க்கும் இந்த முறைக்கு எதிரில் இன்னொன்று உண்டு. பழகிய கண் காலையும் அலகையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பார்த்த கணமே சொல்லிவிடுகிறது. இங்கிலாந்தில் டி. ஏ. கவர்ட் 1922இல் வந்த தம் புத்தகத்தில் இதற்கு 'ஜிஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நம்மிடம் இதற்கு ஜாடை என்ற நல்ல சொல் இருக்கிறது. தெருமுனையில் வருபவனை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா?

கரைப் பறவைகளில் ஜாடை என்பது அநேகமாக நடைதான். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் மேயும் பறவை. கண்ணும் அதற்கேற்பப் பெரியது. உள்ளான் தலையைக் குனிந்தபடியே நடந்து, தையல் மெஷின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டு போகும். அதன் அலகு நுனியில் தொடு உணர்ச்சி. கண்ணுக்குத் தெரியாத புழுவை அது தொட்டு அறிகிறது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று விசாரித்தார். கை காட்டினேன். "நின்னு நின்னு ஓடுதே, அதுங்களா?" என்றார். இந்த இனம் முழுவதையும் பற்றி எந்தக் கையேட்டிலும் இதைவிடச் சுருக்கமான குறிப்பு இருக்க முடியாது.

உப்புக்கொத்தி என்ற பெயரைப் பாருங்கள். எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது, இரண்டும் அதில் இருக்கின்றன. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. இவை பார்த்தவன் வைத்த பெயர்கள். இவற்றின் பக்கத்தில் 'கெண்டிஷ்' உப்புக்கொத்தி என்பதை வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்திலிருந்து வந்த பெயர். அங்கே அது வழக்கமாகக் கூடு கட்டுவது நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் மணலில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும், எங்கும் வலசை போகாத பறவையைக்கூட இந்தப் பெயரில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். 2023இல்தான், உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அது தனி இனம் என்று நிறுவினார்கள். இப்போது ஆங்கிலத்தில் அதற்கு அனுமன் பெயர். கெண்டிலிருந்து ராமாயணத்துக்குத் தாவியிருக்கிறது. நம் காலடியில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒன்று தனி ஜீவன் என்று தெரிய இத்தனை காலம் ஆனதற்குக் காரணம் தூரமல்ல. கைவசம் ஒரு பெயர் இருந்தது; அதனால் எவரும் மறுபடி குனிந்து பார்க்கவில்லை.

ஜாடையை மட்டும் நம்புவதிலும், ஒரே அடையாளத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. பின்னதற்கு நிக்கோ டின்பெர்கன் நல்ல சாட்சி. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர். ஐரோப்பியப் பெரிய கடற்காகம் ஒன்றின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. குஞ்சு அதைக் கொத்தும். தாய் இரையைக் கக்கும். டின்பெர்கன் குஞ்சுகளுக்கு முன்னால் தாயின் தலையைப்போல் ஒரு பொம்மையை நீட்டிப் பார்த்தார். பிறகு மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றில் வெள்ளை வளையங்கள் போட்டு நீட்டினார். குஞ்சுகள் தலையைவிடக் குச்சியை அதிகம் கொத்தின. குச்சியிடம் இரை இல்லை. சிவப்பு மட்டும் தூக்கலாக இருந்தது.

வணிகப் பத்திரிகைகள் வாசகன் முன் நீட்டுவது இந்தக் குச்சிதான் என்று சொன்னால் நம் பக்கத்தவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் தரத் தயாரில்லை. சிறுபத்திரிகைகளுக்கும் சிவப்புக் குச்சி உண்டு. இருள், வெறுமை, கண்ணாடி, உடைந்த நிழல், மௌனம். இந்த வளையங்களைச் சரியான இடைவெளியில் போட்டு நீட்டினால் நாமும் கொத்துகிறோம். அடிவானத்துக்குப் போகும் வெள்ளைப் பறவை நமது குச்சி. கொத்திவிட்டு, இரை கிடைத்ததா என்று யோசிப்பதில்லை.

*

இனம் பிரிப்பதால் என்ன ஆகப்போகிறது, எல்லாம் அழகுதானே என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே உப்பளங்களிலும் சேற்றுவெளியிலும் குளிர்காலத்தில் சின்ன உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. சிட்டுக்குருவி அளவு, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புக் கால். எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கரண்டிமூக்கு உள்ளானும் குளிர்காலத்தில் ஏறக்குறைய இப்படியே இருக்கும். வித்தியாசம் அலகின் நுனியில் மட்டும்: அது தட்டையாகி, கரண்டிபோல விரிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் தெரியாது. பறவை நேராகத் திரும்ப வேண்டும். போதாததற்கு, அலகு நுனியில் சேறு அப்பிய சாதாரண உள்ளானும் ஒரு கணம் கரண்டிமூக்காகத் தோன்றி ஏமாற்றும்.

ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடும் அந்தப் பறவை இன்று உலகம் முழுவதும் சில நூறுதான் எஞ்சியிருக்கிறது. கோடியக்கரையில் அது கடந்த நூற்றாண்டில் பதிவாகியிருக்கிறது. பதிவானதற்குக் காரணம், எவரோ ஒருவர் 'உள்ளான் கூட்டம்' என்று எழுதிவிட்டு எழுந்து போகாமல் ஒவ்வொரு அலகாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதே. பிரித்துப் பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு இனம் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் வித்தியாசம் இல்லை. அது போய்விட்டால்கூடக் கூட்டம் கூட்டமாகவே தெரியும்.

ஆண்டுக்கு எத்தனையோ கவிதைத் தொகுதிகள் வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். கூட்டத்தைப் பார்த்து மொத்தமாக நொந்துகொள்வது சுலபம். மொத்தமாகப் புகழ்வது அதைவிடச் சுலபம். அதில் ஒன்றின் அலகு சற்று வேறாக இருந்தால் அதைக் காண்பதும், சேறு அப்பியதைக் கரண்டி என்று கூவாமல் இருப்பதும் விமர்சகனின் வேலை. இந்த இரண்டையும் செய்யாதவன் எத்தனை கோட்பாடு படித்திருந்தாலும் கரைக்கு வரவில்லை என்றே அர்த்தம்.

இப்போது படத்தைக் காட்டினால் கைபேசி பெயரைச் சொல்லிவிடுகிறது. அதனால் பெயர் மலிந்துவிட்டது, பார்ப்பது மலியவில்லை. பறவை பார்ப்பவர்களின் குறிப்பேட்டில் இன்றும் ஒரு வழக்கம் நீடிக்கிறது. வெளிச்சம் போதாமலோ, பறவை திரும்பாமலோ போனால் 'கடற்காகம், இனம் தெரியவில்லை' என்று எழுதிவைக்கிறார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. எதுவரை பார்த்தேன், எங்கே நின்றுவிட்டேன் என்பதன் துல்லியமான கணக்கு அது. நம் விமர்சனக் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை நான் ஒரு முறைகூடப் படித்ததில்லை.

அடுத்த தொகுதியில் அந்த வெள்ளைப் பறவை மறுபடி பறந்தால், அதன் கால் என்ன நிறம் என்று கேட்கத்தான் போகிறேன். விடை கவிதையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கவிஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.